பிரிக்காத பார்சல்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளுக்குப் பார்சல் கொண்டுவரும் தம்பிக்கு, எந்த வீட்டில் எப்போது ஆள் இருக்கும் என்பது அத்துப்படி. மனநல ஆலோசகரான எனக்குக்கூட அவ்வளவு தெரியாது.

ஆன்லைனில் வாங்குவதை வைத்து ஆளின் குணத்தைச் சொல்லும் பட்டியல்கள் வாட்சாப்பில் சுற்றுகின்றன. தள்ளுபடி தேடுகிறவர் கஞ்சராம், கூடையில் போட்டுவிட்டு வாங்காதவர் முடிவெடுக்கத் தெரியாதவராம். கிளி ஜோசியம்! கூடையை நிரப்பிவிட்டுச் சம்பள நாள்வரை பொறுத்திருக்கும் அம்மாக்கள் இங்கே நிறையப் பேர். அவர்களிடம் சிக்கனம் படிக்கலாம். நான் கேட்பது இரண்டுதான்: எத்தனை மணிக்கு வாங்குகிறீர்கள்? வந்த பார்சலை என்ன செய்கிறீர்கள்?

ஓர் அம்மா வந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கணவருக்கு பேக்டரியில் நைட் ஷிப்ட். பிள்ளைகள் இருவருக்கும் தூரத்து ஜொகூரில் வேலை. கட்டிலுக்கடியில் 14 பார்சல்கள், டேப்கூடக் கிழிக்காமல். ஏன் பிரிக்கவில்லை என்றேன்.

"பிரிச்சா முடிஞ்சு போயிடுதே டீச்சர்."

மூளையில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். டோபமின் என்ற வேதிப்பொருள், கைக்கு வந்த பொருளைவிட வரப்போகும் பொருளுக்குத்தான் அதிகம் துள்ளுகிறது. பார்சல் பக்கத்து நகரமான ஈப்போ வந்துவிட்டது, கிளம்பிவிட்டது என்று கைப்பேசி சொல்லச் சொல்ல அந்தத் துள்ளல் கூடும். நவம்பர் 11, டிசம்பர் 12 தேதிகளில் வரும் 11.11, 12.12 தள்ளுபடி விற்பனைகளில் ஓடும் கடிகாரம் யோசிக்கவும் விடாது.

கட்டுப்படுத்த முடியாமல் வாங்குவதை ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரெப்லின் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விவரித்துவிட்டார். ஆனால் நிறைய வாங்குகிற எல்லாருக்கும் நோய் என்று சொல்லிவிடக் கூடாது. கடன் ஏறியும் நிறுத்த முடியவில்லை, வீட்டில் மறைக்கிறோம் என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

கடன் என்றதும் தோட்டத்து மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதும் 555 என்ற சின்ன நோட்டுப் புத்தகம் ஞாபகம் வருகிறது. கடைக்காரர் பக்கத்தைப் புரட்டும்போதே நமக்குக் கூச்சமாக இருக்கும். ஆன்லைன் கடைகளின் இன்றைய 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' வசதியில் கூச்சப்பட எதிரே யாருமில்லை. மாதம் 20 வெள்ளி (ரிங்கிட்), 30 வெள்ளி என்று சத்தமில்லாமல் சேர்கிறது. கடன் கழுத்தை நெரித்தால், மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பு இலவசமாகவே ஆலோசனை தருகிறது.

அந்த அம்மாவிடம் ஒரு 555 வாங்கச் சொன்னேன். பொருளின் பெயர் வேண்டாம். நேரம், விலை, அப்போது மனசு எப்படி இருந்தது, அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே இரவு 10.30க்கு மேல், கணவரின் மோட்டார் சத்தம் தேய்ந்த பிறகு. பிள்ளைகள் போன் செய்யும் ஞாயிறுகளில் ஒன்றுமே இல்லை.

போன வாரம் ஒரு பார்சலைத் தூக்கிக்கொண்டு வந்து கத்தரிக்கோல் கேட்டார். உள்ளே இருந்தவை பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாக்கள், இரண்டு.