குடியரசுத் தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் ஐந்து ஆண்டு எப்போதிலிருந்து?

2025 ஜூலை 21 அன்று ஜக்தீப் தன்கர் உடல்நிலையைக் காரணமாகச் சொல்லித் துணைக் குடியரசுத் தலைவர் பதவியை ராஜினாமா செய்தார். அவருடைய இடத்துக்கு நம் திருப்பூர்க்காரரான சி.பி.ராதாகிருஷ்ணன் வந்தார். அப்போது இங்கே சென்னையில், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் உட்படப் பலர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "தன்கருக்கு 2027 ஆகஸ்ட் வரைக்கும் இருந்தது, அதில் மிச்சம் இருக்கிற ரெண்டு வருஷம்தான் இவருக்கு." அது தப்பு. செப்டம்பர் 12 அன்று பதவியேற்றவருக்கு 2030 செப்டம்பர் வரை முழுசாக ஐந்து ஆண்டு இருக்கிறது.

இப்படித் தோன்றுவதற்குக் காரணம், நாம் பார்த்துப் பழகியது இடைத்தேர்தலை. ஜெயலலிதா மறைந்த பிறகு 2017 டிசம்பரில் ஆர்.கே.நகரில் ஜெயித்த தினகரனுக்கு அந்தச் சட்டமன்றம் முடிகிற 2021 வரைதான் பதவி. மாநிலங்களவை இடைத்தேர்தலிலும் அதே கணக்குதான். அமெரிக்காவில் கென்னடி கொல்லப்பட்டதும் துணை அதிபராக இருந்த ஜான்சன் அதிபராகி, கென்னடி விட்டுப்போன காலத்தைத்தான் முதலில் முடித்தார். நம் அரசியலமைப்பு இந்த இரண்டு பதவிகளுக்கும் வேறு வழி வைத்திருக்கிறது. பதவியில் நுழைகிற தேதியிலிருந்து ஐந்து ஆண்டு, குடியரசுத் தலைவருக்கு 56ஆம் சரத்து, துணைத் தலைவருக்கு 67ஆம் சரத்து. முன்னால் இருந்தவர் பாதியில் போயிருந்தாலும் வருகிறவருக்கு முழுக் காலம் என்பதை 62, 68 ஆகிய சரத்துகள் தெளிவாகவே சொல்கின்றன. காலம் நாற்காலிக்கு இல்லை, உட்காருகிற ஆளுக்கு.

இது புரிந்தால், குடியரசுத் தலைவர்கள் ஏன் 1977இலிருந்து ஜூலை 25 அன்றே பதவியேற்கிறார்கள் என்பதும் புரியும். அந்தத் தேதியைச் சட்டம் எங்கேயும் குறிக்கவில்லை. 1952 முதல் மே 13தான் வழக்கமாக இருந்தது, 1967இல் ஜாகிர் உசேன் பதவியேற்றதும் அதே தேதியில். அவர் 1969 மே 3 அன்று பதவியில் இருக்கும்போதே இறந்துவிட்டார், இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த குடியரசுத் தலைவர்களில் குறைவான காலம் இருந்தவர் அவர்தான். அடுத்துத் தேர்வான வி.வி.கிரி ஆகஸ்ட் 24 அன்று வந்ததால் கணக்கு ஆகஸ்டுக்கு மாறியது. 1974 ஆகஸ்ட் 24 அன்று பதவிக்கு வந்த பக்ருதீன் அலி அகமதும் 1977 பிப்ரவரி 11 அன்று பதவியிலேயே இறந்தார். அப்புறம் நீலம் சஞ்சீவ ரெட்டி 1977 ஜூலை 25 அன்று பிரமாணம் எடுத்தார். அவருக்குப் பிறகு வந்த ஜெயில் சிங், ஆர்.வெங்கட்ராமன், சங்கர் தயாள் சர்மா, கே.ஆர்.நாராயணன், அப்துல் கலாம், பிரதிபா பாட்டீல், பிரணாப் முகர்ஜி, ராம்நாத் கோவிந்த் என எல்லோருமே ஐந்து ஆண்டை முழுசாக முடித்தார்கள். அதனால்தான் திரௌபதி முர்முவும் 2022இல் அதே ஜூலை 25இல் பதவியேற்றார். துணைத் தலைவர் பதவியில் இந்தத் தொடர்ச்சி இல்லை. ஆகஸ்ட் 31, செப்டம்பர் 3, ஆகஸ்ட் 21, ஆகஸ்ட் 19, ஆகஸ்ட் 11 என்று நகர்ந்து இப்போது செப்டம்பர் 12இல் நிற்கிறது.

யார் அதிக காலம் இருந்தார்கள்? குடியரசுத் தலைவராக ராஜேந்திர பிரசாத், 1950 ஜனவரி 26 முதல் 1962 மே 13 வரை, பன்னிரண்டு ஆண்டும் மூன்றரை மாதமும். இரண்டு முறை தேர்தலில் ஜெயித்தவர் அவர் ஒருவர்தான். "அப்படியானால் இரண்டு முறைதான் உச்சவரம்பா?" என்று கேட்பார்கள். இல்லை. 57ஆம் சரத்து மறுபடியும் போட்டியிடலாம் என்கிறது, எத்தனை முறை என்று வரம்பு வைக்கவில்லை. இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது அமெரிக்க அதிபருக்கான விதி, அதை இங்கே கொண்டுவந்து குழப்பிக்கொள்ள வேண்டாம்.

துணைத் தலைவர்களில் பத்து ஆண்டு இருந்தவர்கள் இரண்டு பேர், டாக்டர் ராதாகிருஷ்ணனும் ஹமீது அன்சாரியும். ஆனால் இரண்டு பதவிகளையும் சேர்த்துப் பார்த்தால் ராதாகிருஷ்ணனை யாரும் நெருங்கவில்லை. 1952 மே முதல் 1962 மே வரை துணைத் தலைவர், அங்கிருந்து நேராகக் குடியரசுத் தலைவர், 1967 மே வரை. இடைவெளியே இல்லாமல் பதினைந்து ஆண்டு. ராஜேந்திர பிரசாத்தைவிட அதிகம். மயிலாப்பூரில் அவர் பெயர் தாங்கிய சாலையில் தினமும் போய் வருகிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்தோடு அவரை முடித்துவிடுகிறோம்.

பதவி காலியானால் என்ன ஆகும் என்பதில்தான் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். குடியரசுத் தலைவர் இறந்தாலோ ராஜினாமா செய்தாலோ நீக்கப்பட்டாலோ உடனே துணைத் தலைவர் அந்தப் பொறுப்பை ஏற்பார், ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும். தேர்வில் திரும்பத் திரும்பக் கேட்கிற "ஆறு மாதம்" இதுதான். பி.டி.ஜாட்டி 1977இல் ஐந்தரை மாதம் அப்படிப் பொறுப்பில் இருந்தார். அந்தக் காலத்தில் அவருக்குக் குடியரசுத் தலைவருக்குரிய சம்பளமும் சலுகைகளும் உண்டு, மாநிலங்களவையை நடத்தும் வேலை மட்டும் கிடையாது. துணைத் தலைவர் பதவி காலியானாலோ ஆறு மாதக் கெடு இல்லை, "கூடிய விரைவில்" தேர்தல் என்றுதான் இருக்கிறது. அந்தப் பதவியைத் தற்காலிகமாக ஏற்க யாரும் கிடையாது, மாநிலங்களவைக்கென்று தனியாக இருக்கிற அவைத் துணைத் தலைவர் அவையை நடத்துவார், அவ்வளவுதான். 2002 ஜூலை 27 அன்று கிருஷ்ண காந்த் இறந்தபோதும் 2025இல் தன்கர் விலகியபோதும் அந்த நாற்காலி சில வாரம் காலியாகவே இருந்தது.

இரண்டும் ஒரே நேரத்தில் காலியானால்? 1969இல் அதுவும் நடந்தது. ஜாகிர் உசேன் இறந்ததும் பொறுப்பேற்ற கிரி, தேர்தலில் தானே நிற்பதற்காக ஜூலை 20 அன்று விலகிவிட்டார். அந்த மே மாதம்தான் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருந்தது: துணைத் தலைவரும் இல்லாவிட்டால் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி, அவரும் இல்லாவிட்டால் அங்கே இருக்கிற மூத்த நீதிபதி. அதன்படி தலைமை நீதிபதி ஹிதாயதுல்லா ஆகஸ்ட் 24 வரை குடியரசுத் தலைவராகச் செயல்பட்டார், இந்தியா வந்த அமெரிக்க அதிபர் நிக்சனை வரவேற்றதும் அவர்தான். பத்து ஆண்டு கழித்து அதே ஹிதாயதுல்லா துணைத் தலைவராகவும் வந்தார்.

ஐந்து ஆண்டு முடிந்த அன்றைக்குப் புதியவர் வராவிட்டால், வரும்வரை பழையவரே தொடரலாம். இதைச் சாக்காக வைத்துத் தேர்தலைத் தள்ளிப்போட முடியாது. 1974இல் குஜராத் சட்டமன்றம் கலைக்கப்பட்டிருந்ததால் அந்த எம்.எல்.ஏ.க்கள் இல்லாமல் தேர்தல் நடத்தலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நடத்தலாம், பதவிக்காலம் முடிவதற்குள் நடத்தியே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நீக்கம் பற்றிச் சுருக்கமாக. குடியரசுத் தலைவரை நீக்க இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், காரணம் அரசியலமைப்பை மீறியதாக இருக்க வேண்டும். துணைத் தலைவருக்கு மாநிலங்களவை அதன் அப்போதைய மொத்த உறுப்பினர்களின் பெரும்பான்மையோடு தீர்மானம் போட்டு, மக்களவை ஒப்புக்கொண்டால் போதும். இரண்டுக்குமே 14 நாள் முன்னறிவிப்பு உண்டு. இதுவரை யாரும் அப்படி நீக்கப்படவில்லை.

முர்முவின் காலம் 2027 ஜூலையில் முடிகிறது, அதற்கு முன்பே தேர்தல் நடந்துவிட வேண்டும். குடியரசுத் தலைவர் தேர்தலில் நாம் தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.க்களுக்கும் வாக்கு உண்டு, 2022இல் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 176. துணைத் தலைவர் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு கிடையாது, எம்.பி.க்களுக்கு மட்டும்தான்.