மேகத்துக்கு ஏமாறாத விளக்கு

அஞ்செட்டிப் பக்கம் ஒரு மலைக்கிராமத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தெரு சோலார் லைட்டுக்கு சுவிட்சே கிடையாது. பொழுது சாய்ந்தால் தானாக எரிகிறது. ஆனால் நடுப்பகலில் மேகம் மூடி இருட்டிக்கொண்டு வந்தாலும் எரிவதில்லை. எப்படி?"

யானை இறங்கும் ஊர்களில் தெருவிளக்கு உயிர் காக்கும் பொருள். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன். பகலில் பேனலில் வெயில் பட்டு பேட்டரி சார்ஜ் ஆகிறது, இரவில் அதிலிருந்து எல்.இ.டி. எரிகிறது. இது பள்ளியில் படித்ததுதான்.

இருட்டைப் பார்க்கும் கண் எங்கே? பெரும்பாலான சோலார் விளக்குகளில் அதற்கெனத் தனி உணரி கிடையாது. பேனலே கண்.

12 வோல்ட் பேட்டரிக்கான பேனலில் வழக்கமாக 36 சிலிக்கான் செல்கள் இருக்கும். நல்ல வெயிலில், எதோடும் இணைக்காமல் அளந்தால் சுமார் 21 வோல்ட் காட்டும். வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகிவிட்டால்? பேனல் தரக்கூடிய கரண்டும் பத்தில் ஒரு பங்காகிவிடும். வோல்ட்டேஜோ இரண்டு வோல்ட் சொச்சம்தான் இறங்கும்!

காரணம் ஒவ்வொரு செல்லும் ஒரு டயோடு, அதாவது மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் எளிதாக விடும் பொருள். ஒளி தள்ளிவிடும் மின்னோட்டம் போக வழியில்லாமல் செல்லுக்குள்ளேயே திரும்பிக் கசிகிறது. இந்தக் கசிவு வோல்ட்டேஜுக்கு ஏற்ப மடங்கு மடங்காக மாறும். செல்லுக்கு 60 மில்லிவோல்ட் அளவு குறைந்தாலே கசிவு பத்தில் ஒன்றாகிவிடும். ஏரிக்கு வரத்து வெகுவாகக் குறைந்தாலும் உபரிநீர் வழியும் கலங்கலில் நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினாலே வரத்தும் போக்கும் சரியாகிவிடுவதைப் போல. மேகம் எவ்வளவு கறுத்தாலும் பேனலின் வோல்ட்டேஜ் பெரிதாக விழாது. அந்தி மங்கி வெளிச்சம் ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்த பிறகுதான் அது மளமளவென்று சரியும். ஏறக்குறைய 5 வோல்ட்டுக்குக் கீழே போனதும் விளக்கையும் பேட்டரியையும் இயக்கும் கண்ட்ரோலர் சில நிமிடம் பொறுத்துப் பார்த்து விளக்கைப் போடும். எனக்கு இதில் அலுக்காத வியப்பு.

நீங்களே சோதிக்கலாம். பட்டப்பகலில் பேனலை கனமான சாக்கால் முழுக்க மூடிவையுங்கள். கொஞ்ச நேரத்தில் விளக்கு எரிய வேண்டும். எரிந்து சீக்கிரமே மங்கினால் முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான். பேனல் இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். தினமும் இறங்கி ஏறும் லெட் ஆசிட் பேட்டரி சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். கம்பம் நடப் பணம் ஒதுக்கும் திட்டங்கள் இரண்டாவது பேட்டரிக்கும் அன்றைக்கே ஒதுக்க வேண்டும். ஒதுக்காமல் நட்ட கம்பம் பாதி வேலைதான் என்பேன். வருகிற கிராம சபையில் பேட்டரி மாற்றும் செலவைத் தனித் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கேளுங்கள்.