அந்தச் சேற்றைக் கழுவிக் கொட்டாதீர்கள்

போன வாரம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து அழைப்பு. "சார், எஸ்டிபி பக்கமே போக முடியல, அவ்வளவு நாத்தம். ஃப்ளஷ்ல வர்ற தண்ணியும் கறுப்பா இருக்கு." எஸ்டிபி என்றால் குடியிருப்பின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம். போய்ப் பார்த்தேன். கழிவுநீருக்குக் காற்றடிக்கும் ஏரேஷன் தொட்டியில் அது வந்தது வந்தபடியே சாம்பல் நிறத்தில் நின்றது. பத்து நாளைக்கு முன்னால் லாரி வரவழைத்து, தொட்டியிலிருந்த பழுப்புச் சேறு முழுவதையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, சுவரை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். "ஒரே சேறா கிடந்துச்சு சார், சுத்தமா கழுவிட்டோம்" என்றார் சங்கச் செயலாளர். இந்த வருடத்தில் நான் பார்க்கும் நான்காவது இடம் இது.

அந்தச் சேறுதான் ஐயா உங்கள் எஸ்டிபி! காங்கிரீட் தொட்டியும் காற்றடிக்கும் ப்ளோயரும் பைப்பும் அதை வாழவைக்கத்தான் இருக்கின்றன.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் டேவிஹியூம் சுத்திகரிப்பு நிலையத்தில் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்று இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். மாநகராட்சியின் ஆலோசகராக இருந்த வேதியியலாளர் கில்பர்ட் ஃபவுலர் 1912-இல் அமெரிக்கா போனார். அங்கே மாசசூசெட்ஸின் லாரன்ஸ் ஆய்வு நிலையத்தில் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தவர், நீங்களும் செய்து பாருங்கள் என்று இவர்களிடம் சொன்னார். பாட்டிலில் கழிவுநீரை ஊற்றிக் காற்றடித்தார்கள். அதிலிருந்த அம்மோனியா முழுவதும் நைட்ரேட்டாக மாறி, கழிவுநீர் சுத்தமாக ஏறக்குறைய 5 வாரம் ஆனது. ஐந்து வாரம் காத்திருந்தால் எந்த ஊரின் சாக்கடையைச் சமாளிக்க முடியும்?

கழிவுநீரில் காற்றடித்துப் பார்த்தவர்கள் இவர்களுக்கு முன்பும் உண்டு. இவர்கள் செய்தது ஒரு சின்ன மாற்றம்தான். தெளிந்த நீரை மட்டும் மேலாக வடித்தார்கள். அடியில் தங்கிய சேற்றைக் கொட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் புதுக் கழிவுநீரை ஊற்றிக் காற்றடித்தார்கள். மறுபடி வடித்தார்கள், மறுபடி ஊற்றினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் சேறு கூடியது, நேரம் குறைந்தது. 5 வாரம் பிடித்த வேலை கடைசியில் 24 மணி நேரத்துக்குள் முடிந்தது. 1914 ஏப்ரல் 3 அன்று மான்செஸ்டரில் இதைக் கட்டுரையாக வாசித்தார்கள். உயிர்ப்பூட்டிய சேறு என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார்கள். ஃபவுலர் பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கே பேராசிரியராக வந்தார். இன்று கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் சென்னையின் கழிவுநீர் தெளிவது இதே முறையில்தான்.

அவர்கள் பொத்திப் பொத்திச் சேர்த்ததைத்தான் நீங்கள் லாரிக்குக் காசு கொடுத்து அனுப்பினீர்கள்.

"கெமிக்கல் போட்டாத்தானே சார் தண்ணி சுத்தமாகும்?" எல்லாக் குடியிருப்பிலும் இதைக் கேட்கிறார்கள். இல்லை. குளோரின் கடைசியில், ஏற்கெனவே தெளிந்த நீரில் மிச்சமிருக்கும் கிருமிகளுக்காகப் போடுவது. அழுக்கைத் தின்பது சேற்றில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். அவற்றின் தலையில் பிளீச்சிங் பவுடர் கொட்டினால் என்ன மிஞ்சும்? நல்ல சேறு சாக்லேட் பழுப்பாக இருக்கும், மழை பெய்த மண் போல வாசம் வரும். நாற்றமடிக்கிறது என்றால் அதற்குக் காற்றுப் போதவில்லை.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி முழுக்க ப்ளோயரை நிறுத்தாதீர்கள். அந்தப் பாக்டீரியாக்களும் மூச்சு விடுகிற உயிர்கள். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை லிட்டர் கணக்கில் ஊற்றாதீர்கள். சேற்றை எடுக்கவே கூடாதா என்றால், எடுக்க வேண்டும், அளவாக. ஒரு லிட்டர் அளவுகுடுவையில் ஏரேஷன் தொட்டித் தண்ணீரைப் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு படிகிறது என்று தினமும் எழுதி வைத்தால், எப்போது எவ்வளவு எடுப்பது என்று ஆபரேட்டருக்குத் தெரிந்துவிடும். அந்த நோட்டைச் சங்கத்தில் யாராவது வாரம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

இன்னொன்றும் கேட்டேன். சுவரை எப்படித் தேய்த்தீர்கள்? "ரெண்டு பேர் இறங்கினாங்க சார்." எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஹைட்ரஜன் சல்பைடு அளவு மீறினால் மூக்கே மரத்துப்போகும், நாற்றம் இல்லையே என்று நினைக்கும்போதே ஆள் விழுந்துவிடுவார். காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைக்குப் போகிற குற்றம். எஸ்டிபி தொட்டி மட்டும் வேறா? யாரையும் இறக்காதீர்கள். அவர்களே "பரவாயில்லை சார்" என்று சொன்னாலும் இறக்காதீர்கள்.

அந்தக் குடியிருப்புக்கு, பக்கத்தில் நன்றாக ஓடுகிற ஓர் எஸ்டிபியிலிருந்து இரண்டு டேங்கர் சேறு கேட்டு வாங்கி ஊற்றியிருக்கிறோம். ப்ளோயர் இரவும் பகலும் ஓடுகிறது. நேற்றுக் குடுவையில் விரல் கனத்துக்குப் பழுப்பாகப் படிந்திருந்தது.