மாவு விற்ற அக்காவுக்கு மாவுக்கட்டு

கண்டபடி பாரம் ஏற்றி உடைந்து, என் இ-சைக்கிள் ரிப்பேர் கடைக்கு இந்த மாதத்தில் வரும் மூன்றாவது வண்டி இது. சேலம் அம்மாபேட்டையில் இட்லி மாவு விற்கும் அக்கா ஒருவருடையது. இ-சைக்கிள் ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் கட்டைப்பை, ஒவ்வொன்றிலும் ஏழெட்டுக் கிலோ மாவுப் பாக்கெட். பின்னால் கேரியரில் மாவு வாளி தனி. ரோட்டில் ஒரு குழி. இடது பை ஆடிப்போய் முன்சக்கரத்துக் கம்பிக்குள் மாட்டிக்கொண்டது. சக்கரம் நின்றுவிட்டது, அக்கா நிற்கவில்லை. மணிக்கட்டில் எலும்பு முறிவு. "மாவு வித்தவளுக்கு மாவுக்கட்டே போட்டாச்சு"ன்னு அவரே போனில் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அவர் வீட்டுக்காரர் சொன்னதுதான் என் கோபத்துக்குக் காரணம். "மோட்டார் வெச்ச வண்டிதானுங்களே, இழுத்துடும்னு நெனச்சோமுங்க."

இழுத்துவிடும்தான். யார் இல்லை என்றது? மோட்டாரின் வேலை சக்கரத்தைச் சுழற்றுவது, அவ்வளவுதான். சுமை உட்காருவது கேரியர் மேல். கேரியர் உட்காருவது ஃபிரேம் மேல். கடைசியில் எல்லாம் பின்சக்கரத்தின் 36 கம்பிகளில் வந்து தொங்குகிறது. மோட்டார் 250 வாட் என்றாலும் 500 வாட் என்றாலும் அந்தக் கம்பி ஒரு கிலோகூடக் கூடுதலாகத் தாங்காது. மாறாக, ஹப் மோட்டாரே மூன்று நான்கு கிலோ எடையோடு அதே சக்கரத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. கனமான மாட்டுக்கு மெல்லிய கயிறு கட்டிவிட்டு, "மாடு பலமா இருக்கே" என்று சொல்வதுபோல் இருக்கிறது நீங்கள் சொல்வது.

உடனே பெரியவர்கள் தொடங்குவார்கள்: "எங்கப்பா செவ்வாய்ப்பேட்டையில இருந்து ரெண்டு மூட்டை அரிசி கொண்டாருவாருப்பா." கொண்டுவந்திருப்பார். அது 28 இன்ச் இரும்புச் சைக்கிள். பின்சக்கரத்தில் 40 கம்பி, கேரியர் கால்கள் அச்சிலேயே முடுக்கப்பட்டிருக்கும். இன்று நீங்கள் வாங்கும் பல வண்டிகளின் கேரியர் சீட் கம்பியில் ஒற்றைப் பிடியில் கவ்வியிருக்கிறது. பத்துக் கிலோவுக்கு மேல் வைத்தால் பக்கவாட்டில் திரும்பும். ஃபிரேமோடு முடுக்கிய கேரியர் என்றால் தாங்கும் எடையை அதிலேயே பொறித்திருப்பார்கள், பெரும்பாலும் 25 கிலோ. தூசியைத் துடைத்துப் படியுங்கள். ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேன் மட்டுமே 20 கிலோ என்பதை நினைவில் வையுங்கள்.

சரி, எப்படித்தான் ஏற்றுவது? தாழ்வாக ஏற்றுங்கள், அச்சுக்கு நேர் மேலே அல்லது அதற்கு முன்னால். கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கும் பக்கப்பைதான் நல்லது. ரெடிமேட் வேண்டாம் என்றால் இரும்புப் பட்டையில் சட்டம் அடித்து, தார்ப்பாலினில் பை தைத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்கட்டும், பெடல் மிதிக்கும்போது குதிகால் இடிக்காத தூரத்தில் இருக்கட்டும். கேரியருக்குப் பின்னால் துருத்திக்கொண்டு மூட்டை வைத்தால் முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில் சொன்னபடி கேட்காது. அரை வாளி மாவு முழு வாளியைவிட மோசம், உள்ளே அலைபாயும். மூடி போட்ட சின்ன டப்பாக்களாகப் பிரித்துவிடுங்கள். கட்டும் டியூப் ரப்பரின் நுனி தொங்கினால் அது சக்கரத்துக்குள்தான் போகும். பின் அச்சிலிருந்து வெளியே வரும் மோட்டார் வயர் மேல் கயிறு அழுத்தவே கூடாது. வண்டியை நிறுத்திவைத்து மூட்டை ஏற்ற வேண்டும் என்றால் இரட்டைக் கால் ஸ்டாண்டு போடுங்கள். ஒற்றைக் கால் ஸ்டாண்டில் நிறுத்தி மூட்டை ஏற்றி, வண்டி சாய்ந்து பிரேக் லீவர் உடைந்து வருவது வாரம் ஒன்று.

இடையில் பஞ்சர் கடைத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பின்சக்கரத்தைக் கழற்றினால், அச்சு உருளாமல் பிடிக்கும் அந்த நாக்கு வைத்த வாஷரைத் திரும்பப் போடுங்கள் சாமி. இல்லாவிட்டால் பாரத்தோடு கிளப்பும்போது அச்சே திரும்பி வயரை முறுக்கி அறுக்கிறது. பழி என் தலையில்.

கிளப்பும்போது ஆக்ஸிலேட்டரை முறுக்காதீர்கள். இரண்டு மிதி மிதித்துவிட்டுப் பிறகு மோட்டாரைக் கூப்பிடுங்கள். நின்ற நிலையில்தான் அது அதிகக் கரண்ட் தின்னும்.

போன வாரம் ஒரு தம்பி ஏற்காட்டிலிருந்து மிளகு கொண்டுவர முடியுமா என்று கேட்டார். முதலில் மேலே போங்கள் பார்ப்போம். நீங்கள் 65, வண்டி 25, சாமான் 30 என்று 120 கிலோ. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறவே சுமார் 327 வாட் ஹவர் வேண்டும், காற்று, உராய்வு எல்லாம் சேர்க்காமல். உங்கள் 36 வோல்ட், 7.8 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் இருப்பது 281 வாட் ஹவர். மீதி உங்கள் தொடை. அதுவாவது பரவாயில்லை, இறங்குவதுதான் பயம். 20 கொண்டை ஊசி வளைவிலும் அத்தனை சக்தியும் பிரேக்கில் சூடாக இறங்க வேண்டும். பாதி ஹப் மோட்டார்கள் இறக்கத்தில் வெறுமனே சுழலும், பிடிக்காது. பாரத்தோடு மலை இறங்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், பஸ்ஸில் போட்டு அனுப்புங்கள்.

அதே தம்பி அடுத்துக் கேட்டது, "ஸ்பீடு லாக்க எடுத்து விட்டுருங்கண்ணா." இந்த வண்டி 250 வாட்டுக்குள்ளும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருப்பதால்தான் லைசென்ஸும் நம்பர் பிளேட்டும் இல்லாமல் ஓட்டுகிறீர்கள். அந்த வேகக் கட்டுப்பாட்டை நான் எடுக்க மாட்டேன். வேகம் இரட்டித்தால் பிரேக் நிறுத்த வேண்டிய சக்தி நான்கு மடங்கு, அதுவும் பாரத்தோடு. வேறு கடை பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா வண்டிக்கு முன்சக்கரத்தில் பதினொரு கம்பி மாற்றிக் கோட்டம் எடுத்தாயிற்று. கேரியரை அச்சோடு சேர்த்துப் போட்டு, இரண்டு பக்கமும் டப்பா வைக்கச் சட்டம் அடித்துவிட்டேன். கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் இருக்காம். ஹேண்டில்பாரில் பை மாட்ட வைத்திருந்த இரண்டு கொக்கியும் என் மேஜை டிராயரில் இருக்கிறது, கேட்டாலும் கொடுக்கிறதாக இல்லை.