குழாய் பதிக்கும் முன் மேல்மண்ணைப் பிரித்து வையுங்கள்

காங்கயத்துக்குத் தெற்கே ஒரு கொரங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காட்டில், பெட்ரோலியக் குழாய் பதித்து மூடிய பிறகுதான் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். மேல்மண்ணையும் சுண்ணாம்புக் கல் கலந்த அடிமண்ணையும் ஒரே குவியலாகக் கொட்டி, அப்படியே தள்ளி மூடியிருந்ததால், கொழுக்கட்டைப் புல் நின்ற இடத்தில் வெள்ளைக் கற்கள் பரவிக் கிடந்தன. “இனி எப்பங்க புல்லு வரும்?” என்று காட்டுக்காரர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. புல்லின் விதையும் பெரும்பாலான வேரும் மேலாக உள்ள ஒரு சாண் மண்ணில்தான் இருக்கின்றன; அது அடியில் போய்விட்டால், பிறகு வரும் சுற்றுச்சூழல் வல்லுநர் அறிக்கை எழுதலாமே தவிர மண்ணை மேலே கொண்டுவர முடியாது.

ஆகவே வல்லுநர் பொக்லைனுக்கு முன்னால் வயலில் நிற்க வேண்டும். மேல்மண்ணின் ஆழத்தைக் காட்டுக்குக் காடு அளந்து, அதைத் தனியாகக் குவிக்கச் செய்து, மூடும்போது அடிமண்ணை முதலிலும் மேல்மண்ணைக் கடைசியிலும் போட வைப்பதே அவருடைய முதல் வேலை. கனரக வண்டிகள் ஓடி இறுகிய தடத்தை உழுது இளக்கிய பிறகே மேல்மண்ணைப் பரப்ப வேண்டும் என்பதையும் அவர்தான் வற்புறுத்த வேண்டும். கொரங்காட்டில் இன்னொன்றும் உண்டு: 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்த்தடச் சட்டப்படி, நிலம் உரிமையாளரிடமே இருந்தாலும், குழாய்க்காகப் பயன்பாட்டு உரிமை எடுக்கப்பட்ட நிலப்பட்டையில் கட்டடம் கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ கூடாது. வெட்டிய வெள்வேல மரம் அங்கே திரும்ப வராது. அறுபட்ட கிளுவை வேலிக்கு, அந்த நிலப்பட்டைக்கு வெளியே மழைக்காலத்தில் போத்து (கிளைத் துண்டு) நட்டுக் கொடுக்கலாம். அதை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதியிருந்தால்தான் நடக்கும்.

எழுதுவதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, எண்ணெய், எரிவாயுக் குழாய்த்தடங்களில் தேசியப் பூங்கா, சரணாலயம், பவளப்பாறை போன்ற கூருணர்வுப் பகுதிகள் வழியே செல்பவற்றுக்குத்தான் முன் அனுமதி கேட்கிறது. தோட்டத்தையும் மேய்ச்சல் காட்டையும் கடக்கும் தடத்துக்கு அந்தக் காவல் இல்லை.

நம் ஊர்ப் பள்ளங்கள், அதாவது மழைக்கு ஓடும் சிற்றோடைகள், ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடப்பதால், அவற்றை வெறும் தரிசு என்று எண்ணி ஐப்பசியில் தோண்டத் தொடங்குகிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் ஒரே இரவில் வெள்ளம் வந்தால், தோண்டிய மண் முழுவதும் கீழேயுள்ள குளத்தில் போய்ப் படியும். பள்ளத்தைக் கடக்கும் வேலையைக் கோடையிலேயே முடித்து, கரையைப் பழைய சரிவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

குழாயின் கசிவைச் சோதிக்க நிரப்பும் தண்ணீரைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. 60 செ.மீ. உள்விட்டமுள்ள குழாய் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2,80,000 லிட்டர் கொள்ளும். அது யார் கிணற்றிலிருந்து வருகிறது, துருத்தடுப்பு மருந்து கலந்திருந்தால் சோதனைக்குப் பின் எங்கே விடப்படுகிறது என்று கேளுங்கள். அடுத்த பகுதியின் சோதனைக்கு அதே தண்ணீரைத் தள்ளிப் பயன்படுத்துவது நல்ல முறை; செலவும் குறையும் என்பதால் ஒப்பந்ததாரர்கள் இதற்கு மட்டும் உடனே தலையாட்டுவார்கள்.

வேலை தொடங்கும் முன் உங்கள் காட்டையும் வேலியையும் சொட்டுநீர்க் குழாய்களையும் தேதியுடன் படம் எடுத்து வையுங்கள். மேல்மண் ஆழத்தை அளக்கும் அன்று உடன் நின்று, அளவைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். மூடிய மண் முதல் மழைக்கு அமிழ்ந்து வாய்க்காலாக மாறும் என்பதால், ஒரு மழைக்காலம் கழித்து வந்து சரிசெய்வதாக எழுத்தில் வாங்கிய பிறகே ஒப்புதலில் கையெழுத்திடுங்கள்.