ஸ்பீக்கர் பைக்குள்ளேயே இருக்கட்டும்

பறவை பார்க்க வருகிறவர்கள் இந்தக் குளிர்காலத்திலும் ஆரம்பித்துவிட்டார்கள். வழிகாட்டியாக நான் ஆறுமணிக்குருவியைக் காட்ட அழைத்துப் போனால் பத்து நிமிடம் பொறுக்க முடிவதில்லை. பதிவு செய்த குருவிக் குரலைப் போட்டு அதை வரவழைக்கப் பையிலிருந்து ப்ளூடூத் ஸ்பீக்கர் வெளியே வருகிறது. வேண்டாம் என்றால், "காசு குடுத்துத்தானே வந்திருக்கோம்?" என்று கேட்கிறார்கள்.

"அதோட குரலைப் போட்டா ஆசையா வருது, அதுக்கென்ன நஷ்டம்?" வாரம் தவறாமல் கேட்கும் வசனம் இது. ஆசையும் இல்லை, ஒன்றும் இல்லை. தன் இடத்தில் இன்னொன்று புகுந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறது. கவனித்துப் பாருங்கள்: சருகைப் புரட்டிப் புழு தேடிக்கொண்டிருந்தது, சத்தம் கேட்டதும் இரையை விட்டுவிட்டு நிமிர்ந்து நிற்கும், கிளைக்குத் தாவும், கத்தும், எதிரியைத் தேடும். எதிரி உங்கள் பையில் இருக்கிறான், எப்படிக் கிடைப்பான்? அடுத்த குழு வந்து மறுபடி போடும். நல்ல இடம் என்று பெயரெடுத்த புதருக்கு நாள் முழுக்க இதே கதி.

"இப்போ கூடு கட்டும் காலம் இல்லையே" என்பார்கள் கொஞ்சம் படித்தவர்கள். இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் இரவில் பறந்து வருகிற, எழுபது கிராம்கூடத் தேறாத உடம்பு அது. வந்த களைப்பில் வீட்டு முற்றத்தில் விழுந்து கிடப்பதும் உண்டு. குளிர்காலத்திலும் தன் துண்டு நிலத்தைக் காத்தால்தான் அதற்குச் சோறு.

கூடு என்றால் இன்னும் மோசம். வால்பாறைப் பக்கம் இருவாச்சி பொந்துக்குக் கீழே கேமராவோடு கூட்டமாக நின்றால், பழம் கொண்டுவரும் ஆண் தயங்கித் திரும்பிவிடும். பொந்தை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் பெட்டை அதை நம்பித்தான் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதை வேட்டை என்றே கணக்கில் எடுக்கிறது. லென்ஸ் பிடித்த கை என்று விலக்கெல்லாம் கிடையாது.

சரி, என்ன செய்யலாம்? குரலைப் பழக வேண்டுமா, முந்தின இரவே அறையில் ஹெட்போனில் கேளுங்கள். சாம்பல், பழுப்பு, பச்சை என்று மங்கலான உடை போடுங்கள். கூடு கண்டால் இடத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப் குழுவுக்கு அறவே வேண்டாம். இரவில் தவளைவாயன் பறவையின் முகத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள்.

புதிதாகத் தொழிலுக்கு வந்த வழிகாட்டித் தம்பிகளே, டிப்ஸுக்காக நீங்களும் போனை எடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், இரண்டு நட்சத்திரம் குறைப்பார், போகட்டும். நான் இப்போதெல்லாம் முன்பதிவின்போதே சொல்லிவிடுகிறேன்: ஸ்பீக்கர் வெளியே வந்தால் நடை அங்கேயே முடிந்தது, பணம் திரும்பாது.