எண்டோமெட்ரியல் பிரிபரேஷன்: தயாரிப்பா, பக்குவமா?

கருத்தரிப்பு மையங்கள் கொடுக்கும் சிகிச்சைத் தாளில் 'எண்டோமெட்ரியல் பிரிபரேஷன்' என்று ஒரு வரி இருக்கும். உறைநிலையில் வைத்திருந்த கருவைக் கருப்பைக்குள் வைப்பதற்கு முன், கருப்பையின் உட்படலத்தை ஹார்மோன் கொடுத்து ஆயத்தம் செய்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வெளியே காத்திருக்கும் பெண்கள் இவ்வளவு நீட்டி முழக்குவதில்லை. 'லைனிங் எவ்வளவு வந்திருக்கு?' 'ஏழரை.' உட்படலத்தின் தடிமன், மில்லிமீட்டரில். அவ்வளவுதான்.

கிரேக்கத்தில் 'எண்டோன்' என்றால் உள்ளே. 'மேட்ரா' என்றால் கருப்பை. அந்த மேட்ரா, தாயைக் குறிக்கும் 'மேட்டேர்' என்ற சொல்லின் வழி வந்தது. படலத்தை அளக்கிற மில்லிமீட்டரில் இருக்கும் மீட்டருக்கும் இதற்கும் உறவில்லை. அது 'அளவு' என்று பொருள்படும் வேறு சொல். 'பிரிபரேஷன்' லத்தீனிலிருந்து வந்தது: முன்கூட்டியே ஆயத்தம் செய்தல்.

வழக்கமான மாதத்தில் இந்த வேலையைச் சூலகமே பார்த்துக்கொள்ளும். முட்டை வளரும்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் படலத்தைத் தடிக்கச் செய்யும். முட்டை வெளியேறியபின் அது இருந்த பை மஞ்சள் நிறமாகி, புரொஜெஸ்டிரோனைச் சுரக்கும். நாற்பதுகளில் சுழற்சி ஒழுங்கு தப்பும்போதோ, மாதவிடாய் நின்றபிறகோ இந்த ஏற்பாட்டை நம்ப முடியாது. அப்போது இரண்டு ஹார்மோனையும் வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். முதலில் எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, பெரும்பாலும் நாளுக்கு 6 மில்லிகிராம், ஏறக்குறைய இரண்டு வாரம். ஸ்கேனில் படலம் 7 மில்லிமீட்டரைத் தாண்டி மூன்று கோடுகளாகத் தெரிந்தால், அப்புறம் புரொஜெஸ்டிரோன். அது தொடங்கிய ஆறாம் நாளில், உறைவதற்கு முன் ஐந்து நாள் வளர்ந்திருந்த கருவை உள்ளே வைப்பது வழக்கம். கருவின் வயதும் படலத்தின் வயதும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகத்தான் இப்படி நாள் எண்ணுகிறார்கள்.

இந்த முறையில் மஞ்சள் பை உருவாவதில்லை. அதனால் கர்ப்பம் உறுதியானபிறகும், நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும்வரை, ஏறக்குறைய கர்ப்பத்தின் பத்துப் பன்னிரண்டாம் வாரம்வரை, மருந்தை நிறுத்தக்கூடாது. மஞ்சள் பை இல்லாத கர்ப்பங்களில் ரத்த அழுத்தம் ஏறும் பிரச்சினை கூடுதலாகக் காணப்படுவதால், முட்டை ஒழுங்காக வெளியேறும் பெண்களுக்கு இயற்கைச் சுழற்சியையே பல மருத்துவர்கள் இப்போது விரும்புகிறார்கள். வயது கூடியவர்களுக்கு ரத்த அழுத்தக் கவலை ஏற்கெனவே உண்டு என்பதால் கண்காணிப்பும் கூடும். இந்தியாவில் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐம்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்கே இச்சிகிச்சை தரலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஹார்மோனுக்குப் பிரச்சினையில்லை. 1905-இல் ஆங்கிலேய உடலியலாளர் ஸ்டார்லிங் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது எடுத்துக்கொண்ட கிரேக்க வினைக்கு 'தூண்டு, இயக்கு' என்று பொருள். நம் 'இயக்குநீர்' அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. இலங்கைப் பாடநூல்கள் 'ஓமோன்' என்று எழுதும். சிக்கல் 'பிரிபரேஷ'னில்தான். 'தயாரிப்பு' என்று மொழிபெயர்த்தால் சோப்பும் சினிமாவும் நினைவுக்கு வருகின்றன. அதன் அடிச்சொல்லான 'தயார்' உருது, பாரசீகம் வழியாக நம்மிடம் வந்தது. அதுவல்ல என் குறை, பொருள்தான் பொருந்தவில்லை. 'பதப்படுத்தல்' தோலுக்கும் மீனுக்கும் போய்விட்டது. போதாக்குறைக்கு உறைய வைப்பதோடு குழம்பும்.

'பண்படுத்தல்' நல்ல தமிழ், உழவர் சொல். ஆனால் எனக்கு அதில் ஒரு தயக்கம். பெண்ணை நிலமாகப் பார்த்து, குழந்தை இல்லையென்றால் நிலம் தரிசு என்று பேசிய வாய்கள் நம் ஊரில் குறைவில்லை. அறிவியல் சொல்வது வேறு. 1984-இல் மெல்போர்ன் மருத்துவர்கள், சூலகம் செயலிழந்த பெண்ணுக்கு இதே இரண்டு ஹார்மோன்களையும் கொடுத்து, தானமாகப் பெற்ற கருவைச் சுமக்க வைத்ததை அறிவித்தார்கள். அதன்பின் வந்த அனுபவமும், தானமுட்டைச் சிகிச்சையில் பலனைப் பெரிதும் தீர்மானிப்பது முட்டை தந்தவரின் வயதே என்று காட்டியது. முட்டைக்கு வயதாகிற வேகத்தில் கருப்பைக்கு வயதாவதில்லை.

என் தேர்வு 'பக்குவம்'. வடமொழி 'பக்வ' தந்தது. வெந்தது, பழுத்தது என்று பொருள். பெண் பூப்பெய்துவதையும் 'பக்குவமடைதல்' என்கிறோம். முக்கியமாக, பக்குவத்தில் நேரம் அடங்கியிருக்கிறது: முந்தினாலும் கெட்டது, பிந்தினாலும் கெட்டது. புரொஜெஸ்டிரோன் கணக்கும் அதுதானே? ஆகவே 'உட்படலப் பக்குவம்' என்று எழுதலாம். பேச்சில் அதுகூட வேண்டாம். 'லைனிங் பக்குவத்துக்கு வந்துடுச்சு, திங்கட்கிழமை கரு வைக்கலாம்' என்று ஒரு செவிலியர் சொன்னால், யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.